படகு விளையாட்டில் கூப்பிட்டவன்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான். இன்று ரயில்வே ரோட்டில் மூன்று ஷட்டர் போட்ட கடை என்னுடையது. தாமல் ஏரிப் பாசனத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் என் கடை வாசலில்தான் டெம்போவிலிருந்து இறக்குவார்கள். திருமுக்கூடல் பக்கம் கம்பெனி ஆட்களே கைவிட்டுப் போன பம்புசெட்டை ஓட வைத்தது இந்தக் கைதான். கூரத்தில் என் பாட்டன் அடுத்தவன் நிலத்தில் குனிந்து நடவு நட்டான். அதே வரப்பை ஒட்டி இன்று எனக்கு நிலமும் கிணறும் இருக்கின்றன. பிள்ளையார்பாளையத்தில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துவிட்டு மிச்ச இடத்தில் படுத்த குடும்பம் இன்று லிஃப்டு வைத்த வீட்டில் இருக்கிறது. லிஃப்டு மோட்டாருக்குக் காயில் கட்டியதும் நான்தான். சிபாரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது, எவனும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் கிடையாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து என்று பார்க்கிற இடத்திலெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்றை அரை டிராயர் போட்ட வயதில் செய்தேன். ஏழாம் வகுப்பில் என்னோடு தரையில் உட்கார்ந்திருந்த நீங்கள் அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்த்தீர்கள். ஒருத்தரும் இதுவரை அதைச் சரியாகச் சொன்னதில்லை. அதனால் நம் பள்ளி மலருக்கு நானே எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. மற்ற ஊர்களில் மழை என்றால் பள்ளிக்கூடம் காலியாகும். நம் வகுப்பில் மழை பெய்தால்தான் உட்கார இடம் பத்தாது. தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர் ஏறிவிடும், பட்டு ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், நெய்ய முடியாது. தறி நின்றால் தறிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சட்டைக்குள் நெஞ்சோடு புத்தகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, தலையில் யூரியா சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு வருவோம். வகுப்பு முழுக்க ஈரத் துணி வாடை, அதற்கு நடுவே பட்டுக்கஞ்சி வாடை. யார் வீட்டில் எந்தச் சாயம் என்று அவனவன் நகக்கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பெரியப்பா மகள் அந்த மழையில்தான் என் வகுப்புக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முந்தின வருஷம் பெயிலானதால் என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். வாயால் கேட்டால் எந்த வாய்ப்பாட்டையும் சொல்வாள். தாளைக் கொடுத்தால் பேனாவைப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். வெள்ளைத் தாளைத் திருப்பிக் கொடுப்பாள். அவள் மக்கு என்று சில வாத்தியார்கள் சொன்னார்கள், திமிர் என்று சிலர் சொன்னார்கள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கோர்வைத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரில் வளர்ந்த உங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கலாம் அல்லவா, அவர்களுக்காக. சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் அந்தத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் நெய்கிறவர் உட்காருவார். கரைப் பக்கம் ஒரு பிள்ளை உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். நெய்கிறவர் ‘உடு’ என்றால் தள்ள வேண்டும், சொல்லாமல் தள்ளக் கூடாது. தள்ளினால் இழை தாறுமாறாகும், முட்டியில் அடி விழும். நானும் என் நைனாவுக்குக் கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். அக்கா பால்பல் விழுகிற வயதிலிருந்தே பெரியப்பா தறியில் உட்கார்ந்தவள். ‘உடு’ என்ற சொல் முழுசாக வெளியே வருவதற்குள் அவள் கை போய் வந்துவிடும். சொல் வரவில்லையென்றால் கோயில் யானை வந்து முன்னால் நின்றாலும் கை அசையாது.

அந்த மழைக்குள்தான் கம்ப்யூட்டர் வந்தது. மேலிடத்தில் யாரோ பார்த்து, பொறுக்கியெடுத்த சில பள்ளிகளுக்குக் கொடுத்தார்களாம். தேசப்படம் சுருட்டி வைக்கிற அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு வைத்தார்கள். செருப்பு இருந்தவர்கள் கழற்றிவிட்டு, இல்லாதவர்கள் காலைக் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். தலைமையாசிரியர் கற்பூரம் காட்டித் திறந்து வைத்தார். பியூன் தினமும் சாமி படத்துக்குப் போட்ட கையோடு அதற்கும் ஒரு முழம் பூப் போட்டார். மேலே மூட, கணக்கு வாத்தியார் தன் வீட்டம்மாவின் பழைய வாயில் புடவை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட புடவை. அது எங்கே போயிற்றோ.

கணக்கு வாத்தியார் மெட்ராஸுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவர், சின்ன வயது, கண்ணில் வெறி இருக்கும். “பாடத்தை விளையாட்டா சொல்லிக் கொடுத்தா மண்டையில ஏறும்டா. இனிமே பிரம்பு வேண்டாம்” என்றார். பிரம்பு கையில்தான் இருந்தது.

விளையாட்டு கேசட்டில் இருந்தது. பாட்டுக் கேசட்டு மாதிரிதான். கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட விட்டால், உலோகத் தகட்டைச் சிமெண்டில் இழுக்கிற மாதிரி ஒரு கீச்சல். அது முடிகிறவரை வகுப்பு மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். பாதியில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் சரியாக நடந்தால் கறுப்பு வெள்ளை டிவியில் ஒரு ஆறு வரும், ஆற்றில் ஒரு படகு நிற்கும். மேலே ஒரு பெருக்கல் கணக்கு வரும். விடையைத் தட்டினால் படகு கொஞ்சம் நகரும். நேரம் ஆக ஆகப் படகுக்குள் தண்ணீர் ஏறும். அக்கரை சேர்ந்தால் கொடி ஏறும், இல்லையென்றால் முழுகும்.

“வேகவதி ஆறு காஞ்சி கெடந்தப்ப எல்லாம் வராத தண்ணி டிவில வருதுடா” என்று பாய் வீட்டுப் பையன் சொன்னான். அவன் அப்பாவுக்கு ஜரிகைக் கடை.

“உங்கப்பன் கடை ஜரிகையாட்டம் இதுவும் டூப்ளிகேட்டு தண்ணிடா” என்றான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். வகுப்பு வாத்தியாரையும் மறந்து சிரித்தது.

ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒவ்வொருத்தராக முழுகினோம். எண்ணைப் படிக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், அந்த எண் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று தேட வேண்டும். அதற்குள் படகில் தண்ணீர் ஏறிவிடும். வாத்தியார் முகம் நாளுக்கு நாள் தொங்கியது. அவர் கொண்டுவந்த விளையாட்டில் ஒரு பிள்ளையும் அக்கரையைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அக்காவின் முறை வந்தது. போய் உட்கார்ந்தாள். பாவாடை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். கணக்கு வந்தது. எட்டு ஒன்பது. கை அசையவில்லை. தண்ணீர் ஏறியது.

“அக்கா முழுவுதுடா டோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, பெரியப்பா மாதிரியே தொண்டையைக் கட்டைக் குரலாக்கி, தறியில் அவர் சொல்கிற அதே தாளத்தில், “எட்டொம்போது... உடு!” என்றேன்.

வகுப்பே விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா வாயிலிருந்து “எழுவத்திரெண்டு” என்று தெறித்தது. நான் குனிந்து ஏழையும் இரண்டையும் தட்டினேன். படகு நகர்ந்தது.

“யார்ரா உன்னை எழுந்திருக்கச் சொன்னது?” வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டார்.

“சார், படகு போவுது சார்.”

திரும்பிப் பார்த்தார். அடுத்த கணக்கு வந்துவிட்டிருந்தது. பிரம்பை மேசை மேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “கூப்பிடு.”

கூப்பிட்டேன். நான் கூப்பிட, அவள் சொல்ல, நான் தட்டினேன். அக்கரை சேர்ந்தோம். கொடி ஏறியது. அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காத ஒரு பாட்டை அந்த மெஷின் வாசித்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பல் வரிசையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை நானும் என் வாழ்க்கையில் கரைப் பக்கம் மட்டுமே உட்கார்ந்தவன். அடுத்தவர் கூப்பிட, தள்ளியவன். முதல் தடவையாக நான் கூப்பிட, ஒருத்தர் தள்ளியது அன்றைக்குத்தான். இன்று என் கடையில் நான் ஒரு குரல் கொடுத்தால் ஆட்கள் ஓடிவருகிறார்கள். அந்தக் குரல் அந்த அறையில் பிறந்தது.

மறுநாளிலிருந்து வாத்தியார் வகுப்பையே இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டார். ஒருத்தர் கூப்பிட வேண்டும், ஒருத்தர் சொல்ல வேண்டும். தறிப் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை, உடனே பிடித்துக்கொண்டார்கள். தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பாய் வீட்டுப் பையனுக்கு ‘உடு’ வரவில்லை, வீட்டில் பேசுகிற உருதுவில் ‘ச்சோடு’ என்று கத்தினான். அதற்கும் படகு நகர்ந்தது. வராந்தாவில் போகிறவர்கள் உள்ளே தறி போட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். மழை கூரையில் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் ஆறு தாண்டிக்கொண்டே இருந்தோம். அந்தக் கொஞ்ச காலம் அக்காதான் அந்த வகுப்பின் ராணி. “எங்கூட குந்துக்கா, எங்கூட குந்துக்கா” என்று எல்லோரும் இழுத்தார்கள். அவள் என்னோடு மட்டும்தான் உட்காருவாள்.

மார்கழியில் வெயில் வந்தது. மழை திரும்பி வராதா என்று முதல் தடவையாக வானத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா தறிக்குழியில் தண்ணீரை இறைத்துவிட்டு, அடுப்புக்கரி போட்டுக் காய வைத்தார். தை பிறந்தால் முகூர்த்தச் சேலைகள் வரும். அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கு வாத்தியார் பெரியப்பா வீட்டுக்குப் போனார். வழி காட்ட நான் போனேன்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. பெரியம்மாவுக்கு நெஞ்சுச் சளி, அடுத்த பிள்ளை கைக்குழந்தை, தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

“பொண்ணு நல்லா வரும். எட்டாவது போகட்டும், பத்தாவது போகட்டும்” என்றார் வாத்தியார்.

“போன வருசம் இதே பொண்ண இதே ஸ்கூலு பெயிலாக்கிச்சி சார். இப்ப நல்லா வருதுன்றீங்க.”

“மெஷின்ல அவளை யாரும் தொட முடியலை.”

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “யாரு, இவன் பக்கத்துல குந்திக்கினா? இவன் வாய் இன்னா வாய்னு எனக்குத் தெரியும் சார். கோயில் யானைகிட்டயே பேசி கரும்பு புடுங்கிக்கினு வருவான். இவன் பக்கத்துல குந்தி சொல்லிக் குடுத்தா ஆடு கூட கணக்கு போடும்.”

“கணக்குப் போடுறது உங்க பொண்ணுதான்.”

பெரியப்பா என்னை விட்டுவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “வாத்தியார் சொன்னா நான் நம்ப மாட்டேன் சார், கோச்சிக்காதீங்க. வாத்தியாருக்கு வேண்டியவன் வேண்டாதவன் உண்டு. மெஷினுக்கு சாதி தெரியாது, சொந்தம் தெரியாது. அது சொன்னா நம்பறேன். ஆனா அவ தனியா குந்தணும். அக்கரை போயி சேர்ந்துட்டாள்னா நான் வேற புள்ளைய வச்சி நெய்றேன், அவ படிக்கட்டும். சேரலையா, பொங்கலுக்கு அப்புறம் ஸ்கூலு பேச்ச யாரும் எடுக்கக் கூடாது.”

“சரி” என்று வாத்தியார் கை கொடுத்தார். அவருக்கு அத்தனை சந்தோஷம். அக்கா உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன்: “சார், நான் இல்லாம ஆவாது சார்.”

“என்னடா?”

“நான் கூப்புடணும் சார். கூப்புட்டாத்தான் அக்காவுக்கு வரும்.”

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஏண்டா, உன் தலைக்கனத்துக்கு ஒரு அளவே கிடையாதா? கணக்கு அவளோடது. நீ பொத்தானைத் தட்டுறவன். பேசாம வா பெரிய மனுஷா.”

பெருமை பீற்றுகிறவன் என்று எனக்கு அப்போதே பேர். அதனால் நான் உண்மையைச் சொன்னபோதும் அது பெருமை மாதிரியே கேட்டிருக்கிறது. முன்கூட்டித் தனியாக உட்கார வைத்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் கடைசி மழையில் கம்பம் சாய்ந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் கரண்டு இல்லை. கரண்டு வந்த மறுநாள் பெரியப்பாவை வரச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். செருப்பை விட்டுவிட்டு, பைப்பில் காலைக் கழுவி, அறைக்குள் போய் மெஷின் வைத்த மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீங்கள் எல்லோரும் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருத்தர் மூச்சு விட்டாலும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். என்னை மட்டும் முன்கூட்டியே வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார்கள், திரையை இழுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உள்ளே எதுவும் தெரியாது. ஆனால் எனக்குக் கண் வேண்டியதில்லை. அந்த விளையாட்டின் சத்தம் அத்தனையும் மனப்பாடம். கணக்கு வந்தால் ‘டிங்’. விடை சரியென்றால் இரண்டு சுரம் மேலே ஏறும். நேரம் போய்விட்டால் தவளை மாதிரி ஒரு சத்தம். படகு முழுகினால் படி இறங்குகிற மாதிரி ஒரு பாட்டு.

கீச்சல் முடிந்தது. டிங்.

காத்திருந்தேன். தவளை.

டிங். யாரும் பேசவில்லை. தவளை.

“அவசரமில்லைம்மா, யோசிச்சுத் தட்டு” என்ற வாத்தியாரின் குரல் கேட்டது. யோசிப்பதற்கு அங்கே என்ன இருந்தது? விடை அவள் வாயில் நின்றுகொண்டிருந்தது. அவள் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார், வாத்தியார் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு பேரும் சொல்லவில்லை. சொல்லாமல் கையை நீட்டினால் அடி விழும் என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

டிங். தவளை. டிங்.

எனக்குக் கணக்கு என்னவென்று தெரியாது. எண்ணைச் சொல்ல முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, திரைப் பக்கம் வாயை வைத்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, “உடுக்கா!” என்று கத்தினேன்.

இரண்டு சுரம் மேலே ஏறியது.

அவள் கைதான் தட்டியது. அவள் போட்ட கணக்குதான். உள்ளே நீங்கள் ‘ஹே’ என்று கத்தினது எனக்குக் கேட்டது. அடுத்ததற்கு வாயைத் திறந்தேன்.

“எவன்டா அது வெளில? அவன்தானே?” என்று பெரியப்பா குரல். கதவு திறந்தது. பியூன் வந்து என் காதைப் பிடித்து, விளையாட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாய்வரைக்கும் இழுத்துப் போய் நிறுத்தினார். அங்கே எந்தச் சத்தமும் கேட்காது.

கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். பின்னால் பெரியப்பாவும் வாத்தியாரும். பள்ளிக் கேட்டருகே ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்ததும் பெரியப்பா நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ரொம்பச் சின்னக் குரலில் பேசினார்.

“நீ கூவினப்ப ஒண்ணே ஒண்ணு வந்துச்சி. அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. அப்ப இத்தினி நாளும் நீதான் சொல்லிக் குடுத்துக்கினு இருந்திருக்க. வாத்தியாரையும் ஏமாத்தி, என் பொண்ணுக்கும் இல்லாத ஆசைய காட்டிட்டியேடா.”

“நான் கணக்கு சொல்லல பெரிப்பா. கூப்புட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். வாத்தியார் பக்கம் திரும்பி, “மெஷினு ஞாயமா சொல்லிடுச்சி சார். உங்க மேல எனக்கு வருத்தமில்ல” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கத்தியது தப்பு என்று அப்போதும் சொன்னார்கள், பிறகும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கத்தாமல் இருந்திருந்தால் அந்த ஒரு கணக்கும் வந்திருக்காது.

மறுநாள் வாத்தியார் என்னைத் தனியாக மெஷின் முன்னால் உட்கார வைத்தார். அவரும் பெரியப்பா சொன்னதை நம்ப ஆரம்பித்திருந்தார். விரல் வேகமாகத்தான் ஓடியது. தட்டியதெல்லாம் தப்பு. எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் என்றைக்கும் வந்ததில்லை. முழுகினேன்.

“அப்ப அந்தக் கணக்கையெல்லாம் யாருடா போட்டது?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தனியாக உட்கார்ந்தால் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை, இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தால் வந்தது. இதை வைத்துக்கொண்டு அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. புடவையை எடுத்து மெஷினை மூடினார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். குங்குமச் சிவப்பில் உடல், கரும்பச்சையில் கரை. பெரியப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயம் பார்த்து, குனிந்து அவள் காதில் சொன்னேன்: “பதினேழு எட்டு... உடு.”

அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பதினேழு எட்டு.”

“போடா. தறி மேல இருக்கேன்” என்றாள்.

பெரியப்பா வந்து குழியில் காலை விட்டார். “உடு” என்றார். நாடா போயிற்று. அதற்குப் பிறகு அவளிடம் நான் கணக்குக் கேட்டதில்லை.

கோடையில் மெஷினுக்குள் பல்லி புகுந்து கருகிச் செத்தது, மெஷினும் கூடவே போனது. பழுது பார்க்க ஆள் இல்லை. எனக்கு அப்போது காயில் கட்டத் தெரிந்திருந்தால் பார்த்திருப்பேன். பரீட்சை எழுதிவிட்டு, முடிவைக்கூடப் போய்ப் பார்க்காமல் மோட்டார் கடையில் சேர்ந்தேன். அக்காவை ஆரணியில் ஒரு தறி வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அவள் பேரைச் சொல்லி அழக்கூட அந்த வீட்டில் அப்போது நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் தறிச் சத்தம் கேட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கே முழுசாக விளங்கியது வெகு காலம் கழித்துத்தான். கடையில் சங்கிலி போட்டு ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தோம். சங்கிலியைப் பிடித்திருந்த ஆள் நான் ‘ம்’ சொல்கிறவரை கையை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன், “அவருக்குத்தான் வேலை தெரியுமே மாமா, எதுக்கு நிக்கறாரு?” என்றார். “தெரிஞ்சதாலதான் நிக்கறான்” என்றேன். சொன்ன பிறகு அடுத்த ‘ம்’ சொல்ல மறந்துவிட்டேன். மோட்டார் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் அப்படித்தான் நின்றாள். தெரிந்ததால் நின்றாள். வேலை தெரிந்த பிள்ளை, கூப்பிடாமல் தொடாது. அதைப் போய்த் தெரியாது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இப்போது நம் பள்ளியில் புது வகுப்பறைக்குத் திறப்பு விழா வைக்கிறார்கள், சுவர் அளவுக்குத் திரை, பிள்ளைகள் கையில் பலகை மாதிரி கம்ப்யூட்டர். விழாவுக்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டார்கள், போன மாதம் போய்ப் பார்த்தேன். இரண்டிரண்டு பிள்ளைகளாக உட்கார்ந்து கணக்கு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒரு பிள்ளை சத்தமாகப் படிக்கிறது, இன்னொன்று விடை சொல்கிறது. சொல்லிக்கொடுக்கிற டீச்சர் சின்னப் பெண். “இந்த முறை இந்த ஸ்கூல்லயே வந்தது சார், பழைய கணக்கு சார் கண்டுபிடிச்சாராம், அப்பவே மெட்ராஸ் கூட்டத்தில எல்லாம் பேசியிருக்காராம்” என்று என்னிடமே சொன்னது. நீங்கள் அனுப்பிய விழா மலரின் மாதிரியிலும் அப்படித்தான் இருக்கிறது, அவர் படத்தோடு. என்னைப் பற்றி நீங்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது வேறு. ‘பெரியப்பா பொண்ணுக்கே சொல்லிக்கொடுத்த கணக்குப் புலி’ என்று எழுதுகிறீர்கள், கை தட்டுகிற பொம்மை போடுகிறீர்கள். பெரியப்பா அன்றைக்குக் கேட்டருகே சொன்னதையே புகழ்ச்சியாக மாற்றிச் சொல்கிறீர்கள். எனக்குப் புகழ்ச்சி பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் நான் போடாத கணக்கை என் தலையில் கட்டாதீர்கள். நான் செய்ததே எனக்குப் போதும், அது பெரிசு.

வாத்தியார் நல்லவர். காலமாகிவிட்டார். அவர் படத்தைப் போடுங்கள். மெஷினைக் கொண்டுவந்தார், எங்களையும் அதைத் தொட விட்டார் என்று போடுங்கள். அதற்கு மேல் போடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் ‘இன்வெர்ட்டர், பேட்டரி உபயம்’ என்று என் பேர் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை மறைத்து டியூப்லைட்டில் பேர் எழுதுகிற ஊர் நம்முடையது, உபயத்தின் அருமை எனக்கும் தெரியும். பேட்டரி எவன் வேண்டுமானாலும் கொடுப்பான்.

அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்ததும், அவள் கை எழுந்து தட்டியதும் உங்கள் கண் முன்னால் நடந்தது. வெளியே நின்ற நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். ஆகவே எழுத வேண்டியவர்களும் நீங்கள்தான். இந்தப் பள்ளியில் விளையாட்டால் கணக்குக் கற்கும் இந்த முறையை உண்டாக்கியவர்கள் என்று இரண்டு பேரைப் போடுங்கள். அக்கா பேர் முதலில், கணக்குப் போட்டவள் என்று. பிறகு என் பேர். கீழே போட வேண்டாம், பக்கத்தில் போடுங்கள், அதே அளவு எழுத்தில், கூப்பிட்டவன் என்று.